ஊக்கத்தொகையும் ஊக்கமும்



போன ரமளானில் ஒரு நாள் லுஹருக்குப் பிறகு ஒரு தகப்பனார் அலுவலகத்துக்கு வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மகனுக்குப் பதினோரு வயது, நம் மாலை மக்தபில் நான்கு வருடமாக ஓதுகிறான். முந்தைய நாள் இஃப்தாருக்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அவனை ஓதச் சொல்லியிருக்கிறார்கள். யாசீன் சூராவைத் தடங்கலில்லாமல் ஓதினானாம். வீடே மகிழ்ந்தது. பாட்டிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்த பக்கத்தையும் ஓதுடா தங்கம்" என்றிருக்கிறார். அப்போதுதான் தகப்பனார் கவனித்தார்: பையனின் விரல் ஒரு வரியில் இருக்கிறது, குரல் வேறு எங்கோ இருக்கிறது. பக்கத்தைத் திருப்பியதும் குரலும் நின்றுவிட்டது.

"கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கானுங்க பாய். எழுத்து ஒண்ணும் தெரியலைங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. நோன்பு நேரத்தில் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே அந்த மக்தபுக்குப் போனேன். பதிவேட்டில் 42 பிள்ளைகளின் பெயர், கிட்டத்தட்ட எல்லா நாளும் எல்லோரும் வந்ததாகக் குறி. விரிப்பில் எண்ணிப் பார்த்தேன், 27 பேர். அந்த அறையில் விரிப்பை எப்படிப் போட்டாலும் முப்பது பேருக்கு மேல் உட்கார முடியாது.

உஸ்தாதைத் தனியாக அழைத்துக் கேட்டேன். நல்ல மனிதர், ஓதுவதில் தேர்ந்தவர். முதலில் பேசவில்லை. பிறகு, "பையனுக்கு எழுத்து வரலைன்னு ஒரு வருஷமாவே எனக்குத் தெரியுமுங்க பாய். அவனைப் பழையபடி காயிதாவுக்கு இறக்கினா வீட்ல கோவிச்சுக்கிட்டு நிறுத்திருவாங்க. தலை குறைஞ்சா ஐந்நூறு போயிருமுங்க" என்றார்.

அந்த ஐந்நூறு என் யோசனை. இரண்டு வருடத்துக்கு முன் நிர்வாகக் கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன்: எந்த மக்தபில் மாதச் சராசரி வருகை நாற்பதைத் தாண்டுகிறதோ, அந்த உஸ்தாதுக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை. கம்பெனிகளில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஆறே மாதத்தில் நம் எல்லா மக்தபுகளிலும் வருகை கூடியது, பதிவேட்டில். அந்தக் கணக்கை இதே செய்தி மடலில் பெருமையாக வெளியிட்டதும் நான்தான். அதை இங்கேயே திருத்திச் சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்கு இதை எடுத்துக்கொண்டேன்.

இது நாம் மட்டும் செய்த தவறு அல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் 1862இல் ஒரு சட்டத்திட்டம் கொண்டு வந்தார்கள். பிள்ளைகளின் வருகையையும், வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் பள்ளிக்கு அரசு மானியம். விளைவு, பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை மனப்பாடம் செய்தார்கள். தேர்வு எடுக்க வரும் அதிகாரி முன் 'வாசித்தார்கள்'. கவிஞர் மேத்யூ அர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தவர். இந்த முறை படிப்பை இயந்திரமாக்குகிறது என்று தம் அறிக்கைகளில் கண்டித்தார். ஆனாலும் அதைக் கைவிட ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. மதராஸ் மாகாணத்துக்கும் அதே முறை வந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் லண்டனில் நடந்தது நம் மஹல்லாவில் ஒரு பதினோரு வயதுப் பிள்ளைக்கு நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவினாசி சாலையில் பார்த்தது

பெருநாள் கழிந்து என் அக்காவைக் கண்புரை அறுவைக்காக அவினாசி சாலை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கே போகாத குடும்பம் நம் ஊரில் குறைவு. ஆனால் இந்த முறை நான் நோயாளியின் தம்பியாக மட்டும் உட்காரவில்லை. மனதில் உஸ்தாதின் வார்த்தை ஓடிக்கொண்டே இருந்தது. பார்வையைச் சோதித்தது ஒரு பெண். கண்ணின் அழுத்தம் பார்த்தது ஒரு பெண். எந்த வில்லை வைக்கலாம், எவ்வளவு செலவாகும், ஊசி போடும்போது வலிக்குமா என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கியதும் ஒரு பெண். டாக்டர் பார்த்தது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்தில் அவர் செய்தது டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

விளக்கிய பெண்ணிடம், "நர்ஸிங் படிச்சியா கண்ணு?" என்று கேட்டேன். இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கேயே வந்து படித்தது என்றாள்.

இந்த மருத்துவமனையின் வரலாறு நம் எல்லோருக்கும் பயன்படக்கூடியது. மதுரையில் அரசு மருத்துவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, பணி ஓய்வு பெற்றபின் 1976இல் தமது 58ஆம் வயதில் 11 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். இளமையிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்த விரல்களைப் பழக்கி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். தாமே புதிதாகக் கற்க வேண்டியிருந்தவர் என்பதாலோ என்னவோ, கற்பிப்பதையே அந்த நிறுவனத்தின் அடித்தளமாக வைத்தார். கோவைக் கிளை 1997இல் வந்தது.

அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பகுதி கிராமத்துப் பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையோடு இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுக்கிறார்கள். தேர்வு செய்யும்போது மதிப்பெண்ணைவிடக் குணத்தையும் குடும்பத்தையும் பார்க்கிறார்கள். முதலில் எல்லோருக்கும் பொதுப் பாடம். பிறகு பார்வைச் சோதனை, அறுவை அரங்கு, ஆலோசனை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவு. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளியை இந்தப் பெண்கள் தயாராக வைத்திருப்பார்கள். மருத்துவர் ஒன்றை முடித்து அடுத்ததற்குத் திரும்பினால் போதும். அந்த வேகத்தால்தான் காசு கொடுப்பவர் தருவதைக் கொண்டு காசு இல்லாதவருக்கும் இலவசமாகச் செய்ய முடிகிறது. கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தபோது விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 1992இல் 'ஆரோலேப்' என்று தனியாகத் தொடங்கி அதையும் மதுரையிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, அதைவிட அதிகம் தரும் இடங்கள் இருக்கலாம். அது என் விஷயம் அல்ல. என் மனதில் தைத்தது வேறு. அங்கே அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களை மறைக்காமல் பதிவு செய்கிறார்கள். யார் செய்த அறுவையில் என்ன ஆயிற்று என்று கூடிப் பேசுகிறார்கள். தவறு அங்கே பாடமாகிறது. நம் உஸ்தாதுக்குத் தவறு 500 ரூபாய் நஷ்டமாக இருந்தது. ஒரு வருடம் அவர் வாய் திறக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நிர்வாகம் படிப்பவர்கள் 'கற்கும் நிறுவனம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். பீட்டர் செங்கே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் எழுதிய நூலால் பரவிய சொல் அது. பெயர் புதிதாக இருந்தாலும் விஷயம் பழையதுதான். மதரஸாவும் பள்ளிக்கூடமும் பிறருக்குக் கற்பிக்கின்றன என்பதாலேயே அவை கற்கும் நிறுவனம் ஆகிவிடுவதில்லை. பத்து வருடம் ஒரே பாடத்தை ஒரே விதமாக நடத்திவிட்டு, எந்தப் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்காத மக்தப், கற்பிக்கிறது, கற்பதில்லை. நம்முடையது அப்படி இருந்தது.

பத்ரில் கேட்ட கேள்வி

ஹிஜ்ரி 2இல் பத்ருக்குச் சென்றபோது நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் படையை இறக்கினார்கள். ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) என்ற அன்சாரித் தோழர் அருகில் வந்து ஒரு கேள்வி கேட்டதாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்கிறார்கள். இந்த இடம் அல்லாஹ் காட்டியதா, அல்லது போர் உத்தி என்ற முறையில் தாங்கள் தேர்ந்தெடுத்ததா என்பது கேள்வி. உத்திதான் என்று பதில் வந்ததும், அப்படியானால் இது ஏற்ற இடம் இல்லை, எதிரிக்கு அருகிலுள்ள கிணற்றுக்கு முன்னேறி, தண்ணீரை நம் வசம் வைத்துக்கொள்ளலாம் என்றார். நபி (ஸல்) அவர்கள் அந்த ஆலோசனையை ஏற்று இடத்தை மாற்றினார்கள்.

இதை ஜும்ஆக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஹுபாபின் அறிவைப் பாராட்டுவோம். நான் இப்போது நினைப்பது, அவர் கேட்கத் துணிந்த அந்தச் சூழலைப் பற்றி. நாளை காலை போர். எதிரே நிற்பவர் அல்லாஹ்வின் தூதர். அங்கே ஒரு தோழரால் 'இந்த இடம் சரியில்லை' என்று சொல்ல முடிந்தது. அனஸ் (ரலி) சிறுவனாக வந்து பத்து ஆண்டுகள் பணி செய்தவர். அந்தப் பத்து ஆண்டில் ஒரு கடிந்த சொல்லும் கேட்டதில்லை என்று பின்னாளில் சொன்னார். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால், துணிவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். நம் நிர்வாகக் கூட்டங்களில் முத்தவல்லி பேசி முடித்தபின் யாராவது 'இந்த இடம் சரியில்லை' என்று சொன்னதுண்டா? நானும் சொன்னதில்லை.

உலகம் இதைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறது. டொயோட்டா தொழிற்சாலையில் ஒரு குறையைப் பார்த்தால் எந்தத் தொழிலாளியும் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார், தேவையானால் வேலையே நிற்கும். ஜப்பானியருக்குத் தரம் பற்றிப் பாடம் சொன்ன அமெரிக்கர் டெமிங், நிர்வாகிகளுக்கு விதித்த 14 நெறிகளில் இரண்டு நமக்கு நேராகவே பொருந்தும். வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்டுவது ஒன்று. எண்ணிக்கை இலக்கு வைத்து ஆட்களை விரட்டாமல் இருப்பது மற்றொன்று. அவர் பெயரில் ஜப்பானியர் 1951 முதல் ஒரு பரிசு தருகிறார்கள். 2019இல் அது நம் சிங்காநல்லூர் எல்ஜி எக்யுப்மெண்ட்ஸுக்குக் கிடைத்தது. காற்றழுத்த இயந்திரம் செய்கிறவர்கள் கற்றுக்கொண்டதைக் குர்ஆன் கற்பிக்கிற நாம் கற்க முடியாதா என்று எனக்கு வெட்கமாகவே இருந்தது.

கடை வைத்திருப்பவர்களுக்கு

இது அறக்கட்டளையின் விஷயம்தானே என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் நம்மில் பலர் கடை வைத்திருக்கிறோம், பட்டறை வைத்திருக்கிறோம், திருப்பூரில் பனியன் வேலை எடுத்துச் செய்கிறோம். 'பையன்' என்று கூப்பிடப்படும் ஒருவர் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறார். பையனுக்கு வயது முப்பத்தைந்து, அவருக்கே இரண்டு பிள்ளைகள். பதினைந்து வருடமாகத் துணி மடித்து வைக்கிறார். பில் போட அவருக்குத் தெரியாது, ஜிஎஸ்டி தெரியாது, ஈரோட்டுச் சந்தையில் சரக்கு எடுக்கத் தெரியாது. சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் எதிரிலேயே கடை போட்டுவிடுவார் என்று பயம்.

போட்டுவிடலாம், உண்மைதான். அரவிந்தில் பயிற்சி பெற்ற பெண்களில் பலர் சில ஆண்டுகளில் திருமணமாகிப் போய்விடுகிறார்கள். போவார்கள் என்று தெரிந்தே ஒவ்வொரு ஆண்டும் புதியவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். அது மட்டுமல்ல, மற்ற கண் மருத்துவமனைகளுக்குத் தங்கள் முறையைச் சொல்லிக் கொடுக்கவே மதுரையில் தனி நிறுவனம் வைத்திருக்கிறார்கள். நம் கோவையே அப்படி வளர்ந்த ஊர். பீளமேட்டில் 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தில் பிள்ளைகள் படித்துக்கொண்டே விற்பனைக்கான இயந்திரங்கள் செய்தார்கள். ஒருவரிடம் லேத் ஓட்டிக் கற்றவர், சில வருடம் கழித்துத் தனியாக ஒரு லேத் போட்டார். அவரிடம் கற்றவர் இன்னொன்று போட்டார். மோட்டார் பம்பு என்றால் கோயம்புத்தூர் என்று பெயர் வந்தது அந்தக் கணக்கில்தான். எல்லா முதலாளியும் தொழிலைப் பூட்டி வைத்திருந்தால் இந்த ஊரில் நான்கு பட்டறைதான் இருந்திருக்கும்.

ஆளைப் பிடித்து வைக்க இந்த மண்டலம் கண்ட இன்னொரு வழியும் உங்களுக்குத் தெரியும். சில நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்றார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அந்தத் தொகை போயிற்று. அது அவள் ஏற்கெனவே உழைத்த கூலியிலிருந்து பிடித்து வைத்த பணம். கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருக்கிற நாம், ஈத் போனஸைக் காட்டிப் பழைய சம்பளப் பாக்கியை இழுத்தடிக்கும்போது, அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறோம்.

இப்போது செய்திருப்பது

ஊக்கத்தொகையை நிறுத்திவிட்டோம். பணத்தைப் பறிக்கவில்லை, 500 ரூபாயையும் எல்லா உஸ்தாதுகளுக்கும், ஆலிமாக்களுக்கும் சம்பளத்தோடு சேர்த்துவிட்டோம். சனிக்கிழமை இஷாவுக்குப் பின் ஒரு மஷூரா. நிர்வாகிகளில் ஒருவர் மட்டும் உட்காரலாம், அவரும் கேட்க மட்டும்தான். ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அந்த வாரம் எது சரியாக வரவில்லை என்று ஒவ்வொருவரும் ஒன்று எழுத வேண்டும். முதல் வாரம் யாரும் பேனாவைத் தொடவில்லை. 500 ரூபாய்த் திட்டத்தை நானே முதல் வரியில் எழுதினேன். மூன்றாவது வாரம் ஒரு ஆலிமா, தம் வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு 'ஸீன்', 'ஸாத்' வித்தியாசம் பிடிபடவில்லை, தமக்கும் சொல்லிக் கொடுக்கும் வழி தெரியவில்லை என்று எழுதினார். அங்கிருந்துதான் வேலை ஆரம்பித்தது. எங்களில் மூத்த உஸ்தாத் ஒருவர் சின்னக் கண்ணாடியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, நாக்கு எங்கே போகிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்வாராம். இருபது வருடமாகச் செய்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. இப்போது மாதம் ஒரு நாள் ஒரு உஸ்தாத் மற்றொருவரின் வகுப்பில் போய் உட்காருகிறார். அன்றைக்கு அவர் வகுப்பை நிர்வாகிகளில் ஓதத் தெரிந்தவர் பார்த்துக்கொள்கிறோம். 27 பிள்ளைகளை ஒரு மணி நேரம் சமாளித்தபின் எனக்கு உஸ்தாதுகள் மேல் மரியாதை கூடிவிட்டது. இரண்டு பேர் தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பு சேர விரும்பினார்கள், கட்டணத்தை அறக்கட்டளை கட்டுகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஒரு உஸ்தாத் இதற்குப் பிறகும் போய்விட்டார். அத்தர்க் கடையில் நாம் தருவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தருகிறார்கள்; வீட்டு வாடகை ஏறிவிட்டது, மூன்று பிள்ளைகள். மரியாதையும் மஷூராவும் வாடகை கட்டாது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சம்பளத்தை உயர்த்த வேண்டுமானால் மாதச் சந்தா உயர வேண்டும். அது அடுத்த பொதுக்குழுவில் தனித் தீர்மானமாக வருகிறது, வந்து பேசுங்கள். பதிவேட்டில் பிள்ளைகள் எண்ணிக்கை இந்த வருட அறிக்கையில் குறைவாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது விரிப்பில் எண்ணிய கணக்கு.

அந்தப் பையனைக் காயிதாவுக்கு இறக்கினோம். ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டான். அதனால் உஸ்தாத் அவனை மட்டும் இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் தனியாக வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார், நாங்கள் கேட்காமலே. போன வாரம் அவன் கூட்டெழுத்து வரைக்கும் வந்திருந்தான். தகப்பனார் வாசலில் ஆட்டோவை நிறுத்திக் காத்திருக்கிறார்.

இந்த வாரம் நோட்டில் நான்கு வரிகள் இருக்கின்றன. மின்விசிறி சத்தத்தில் பிள்ளைகள் ஓதுவது கேட்கவில்லை. பெண்கள் பிரிவில் காயிதா ஆறு குறைகிறது. மனனப் பாடம் ஒரே நாளில் அதிகம் கொடுக்கிறோம். நான்காவது வரியில் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை: 'செயலாளர் பாய் மூன்று மாதமாகச் சம்பளத்தை ஏழாம் தேதிக்குத்தான் தருகிறார்.' பெயர் போட்டு எழுதுமளவுக்குப் பயம் இன்னும் போகவில்லை என்று தெரிகிறது. யாருடைய கையெழுத்து என்று நான் பார்க்கவில்லை. வங்கிக் காசோலையில் இரண்டு பேர் கையொப்பம் தேவைப்படுவதால் தாமதமாகிறது; இனி இருபத்தைந்தாம் தேதியே காசோலை எழுதிவிடுவதாக அதன் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.